பழைய தையல் மிஷினும் வீட்டுத் தையலும்

பம்பாய்த் தமிழர் வீடுகளில், பெண்ணின் கல்யாணத்திற்குச் சீராக வந்ததோ, மில்லில் கிடைத்த போனஸ் பணத்தில் வாங்கியதோ ஆன ஒரு தையல் மிஷின், வாங்கிய காலத்தில் குடும்பத்தின் கௌரவத்திற்கே ஓர் அடையாளமாக இருந்து, பிற்காலத்தில் தன் மேல் தொலைக்காட்சிப் பெட்டியையோ எவர்சில்வர் டப்பாக்களையோ சுமந்துகொண்டு மூலையில் நிற்பதைச் சுனாபட்டியிலும் தாராவியிலும் செம்பூரிலும் இன்றும் காணலாம். அது 'கெட்டுப் போய்விட்டது' என்பது வீட்டார் சொல்லும் காரணம். ஆனால் அதன் மூடுதுணியை நீக்கி, கைச்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் அது கெட்டுப் போகவில்லை, அழுக்கேறி, எண்ணெய் உறைந்து, தவறான ஊசியுடன் கைவிடப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். வார்ப்பிரும்பினாலும் எஃகினாலும் ஆன இந்தச் சாதனத்தில் தேய்ந்து அழியக்கூடிய உறுப்புகள் மிகச் சில. தூசியாலும் துருவாலும் முடங்கக்கூடிய இடங்களோ பல. ஆகையால் பழுது பார்க்கத் தொடங்குபவருக்கு முதலில் வேண்டுவது கருவிகளன்று, கிரமம். சுத்தம் முதலில், எண்ணெய் அடுத்து, ஊசி மூன்றாவது, நூல் நான்காவது, திருகாணி கடைசியில் என்னும் வரிசையை மனத்தில் நிறுத்திக்கொண்டால், மிஸ்திரியை அழைக்க வேண்டிய சந்தர்ப்பம் அபூர்வமாகவே வரும்.

உங்களிடம் இருப்பது எந்த மிஷின்?

தையல் இயந்திரம் ஒரே மனிதரின் கண்டுபிடிப்பு அன்று. பிரான்சில் திமோனியே 1830-இல் ஒரு வகையைச் செய்தார். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-இல் இரட்டை நூல் தையலுக்குக் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-இல் பெற்ற உரிமையே வீட்டிற்கு வீடு பரவிய இயந்திரத்திற்கு வழி வகுத்தது. இயந்திர நாகரிகத்தைக் கடுமையாக விமரிசித்த காந்தியடிகளும், 1924-இல் நிகழ்ந்த ஓர் உரையாடலில், சிங்கர் தையல் மிஷினை மட்டும் விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார்; மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் காணப் பொறாத அன்பே அந்தச் சாதனத்தைப் பிறப்பித்தது என்பது அவர் கூறிய நியாயம். நம் நாட்டிலேயே மிஷின் செய்யும் முயற்சி 1930-களில் கல்கத்தாவின் ஜே என்ஜினியரிங் ஒர்க்ஸ் மூலமாக உஷா என்னும் பெயரில் உருப்பெற்றது. பிற்பாடு லூதியானா இத்தொழிலுக்குப் பேர்போன ஊராயிற்று; இன்று கடையில் நாம் வாங்கும், அடிநூல் சுற்றும் பாபினும் பாபின் கேஸும் துணியை நகர்த்தும் பல்லும் பெரும்பாலும் அவ்வூர்ச் சரக்கே.

நம் வீடுகளில் கிடைக்கும் பழைய மிஷின்களை இரு வகையாகப் பிரித்தால் போதும். ஒன்று, படகு வடிவான நீண்ட ஷட்டில் முன்னும் பின்னும் வீசியாடும் பழைய வகை. சிங்கர் 28கே என்னும் கைமிஷின் இதற்கு உதாரணம். மற்றொன்று, வட்டமான பாபினைப் பாபின் கேஸில் இட்டு இடப்பக்கமாகச் செருகும் வகை; சிங்கரின் 15-ஆம் வரிசையும், அதன் அமைப்பைப் பின்பற்றிய உஷா முதலிய இந்திய மிஷின்களும் இதில் அடங்கும். எண்ணுக்குப் பின் வரும் 'கே' என்னும் எழுத்து, ஸ்காட்லாந்தில் 1885 முதல் 1980 வரை இயங்கிய கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். நீண்ட ஷட்டிலுக்கும் அதற்குரிய ஒல்லியான பாபினுக்கும் இப்போது தேடி அலைய வேண்டும். வட்டப் பாபின் வகைக்கோ எந்தப் பேட்டையிலும் உதிரி உறுப்பு கிடைக்கும். ஆதலால் புதிதாக ஒரு பழைய மிஷினை வாங்க நினைப்பவர் இரண்டாம் வகையையே நாடுவது விவேகம்.

சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழஞ்சாமான்களுக்கிடையே பொன்னிற ஸ்பிங்க்ஸ் சித்திரம் பொறித்த சிங்கர் தலைகள் கிடைப்பதுண்டு. சித்திரத்திற்காக விலை ஏறும். தையலுக்கு அதனால் பிரயோஜனம் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியவை வேறு: கைச்சக்கரம் தடையின்றி ஒரு முழுச் சுற்று வருகிறதா, ஊசிக்கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் காண்கிறதா, பாபின் கேஸும் அதை மூடும் நகரும் தகடும் இருக்கின்றனவா, கீழே விழுந்து அடித்தளத்தில் கீறல் விட்டிருக்கிறதா. இந்த நான்கிலும் தேறிய மிஷின், வெளியே எவ்வளவு மங்கியிருந்தாலும், உழைக்கும்.

சுத்தம் செய்தல்

தரையில் பழைய போர்வை ஒன்றை விரித்து, மின்மோட்டார் பொருத்தியிருந்தால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, மேஜையின் கீல்களில் தலையைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளையும் தளர்த்தி, தலையைத் தூக்கிக் கீழே வையுங்கள். அதன் கனம் பத்துக் கிலோவுக்குக் குறையாது; குறுகிய கோலியில் (ஒற்றையறை வீட்டில்) தனியாகத் தூக்குவதைவிட இன்னொருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வது நலம். கழற்றும் திருகாணிகளை வந்த வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கி வைத்தால், திரும்பப் பூட்டும்போது சந்தேகம் எழாது.

முதலில் ஊசியையும், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தையும் எடுத்துவிட்டு, ஊசித் தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றுங்கள். அதன் அடியில்தான் 'கெட்டுப் போன' மிஷின்களில் பாதியின் இரகசியம் ஒளிந்திருக்கிறது. துணியை நகர்த்தும் பல்வரிசைகளின் இடுக்குகளில், பல ஆண்டுப் பஞ்சுத்தூசி எண்ணெயோடு சேர்ந்து அழுந்தி, சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல் கெட்டியாகிக் கிடக்கும். அது பல்லை மேலெழும்ப விடாது. பல் எழும்பாவிட்டால் துணி நகராது. துணி நகராவிட்டால் ஒரே இடத்தில் நூல் குவிந்து ஊசி முறியும். மிஷினை உடையவர் இதைக் கண்டு, 'பல் தேய்ந்துவிட்டது' என்று முடிவு கட்டிவிடுவார். பழைய பல்துலக்கும் பிரஷாலும், தடித்த ஊசியின் முனையாலும் அந்தப் படிவைக் கிளறி எடுத்துவிட்டால், பல் மறுபடியும் தகட்டுக்கு மேல் பளபளவென்று எட்டிப் பார்க்கும்.

அடுத்து, பாபின் கேஸை வெளியே எடுத்து, ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தை அதன் கொக்கிகளையோ திருகுகளையோ விலக்கிக் கழற்றுங்கள். கைச்சக்கரம் இம்மியும் அசையாமல் இறுகிவிட்ட மிஷின்களில், ஷட்டிலுக்கும் அதன் பாதைக்கும் நடுவே அறுந்த நூல் ஒன்று சிக்கியிருப்பதே பெரும்பாலும் காரணம். பலாத்காரமாகச் சக்கரத்தைத் திருப்புவதால் உறுப்பு வளையுமே தவிர நூல் விடாது; இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, குறட்டால் நூலை இழுத்தெடுக்க வேண்டும். ஷட்டிலின் கூர்முனையை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது. மிக நைசான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து வழுவழுப்பாக்கலாம். ஊசித் தகட்டின் துளை ஓரத்தில் ஊசி மோதி ஏற்பட்ட வடுக்களுக்கும் அதுவே சிகிச்சை.

டென்ஷன் தட்டுகள் இரண்டுக்கும் இடையே, பாதத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு, ஒரு துணி நாடாவை நுழைத்து இழுத்தால், அங்கே தங்கிய நூல் துணுக்குகள் வெளிவந்துவிடும். பாதத்தை உயர்த்தும்போது தட்டுகள் விலகும், தாழ்த்தும்போது இறுகும் என்பதை இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள்; நூல் கோக்கும் விதி ஒன்று இதிலிருந்து பிறக்கப் போகிறது.

மேற்பூச்சைத் துடைக்கும்போது ஓர் எச்சரிக்கை. பழைய மிஷின்களின் பொற்சித்திரங்களுக்கு மேல் பூசிய அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். கை கழுவும் சானிடைசர், வாசனைத் திரவியம் எதுவும் அதன் மேல் படலாகாது. மிஷின் எண்ணெய் தோய்த்த பழைய மல் துணியே அதற்குப் போதும்.

எண்ணெய்

நம்மவர் வீடுகளில் மிஷின்கள் இறுகிப் போவதற்கு முதற்காரணம் தேங்காய் எண்ணெய். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலும், கீல்களின் கிறீச்சொலியை அப்போதைக்கு அது அடக்கிவிடுவதாலும், மிஷினிலும் இரண்டு சொட்டு விடும் வழக்கம் வந்துவிட்டது. சமையல் எண்ணெய்கள் எல்லாம் நாளடைவில் காற்றுப் பட்டுப் பிசுபிசுத்து, பின் மெழுகாகி, இறுதியில் பசையாகவே இறுகிவிடும். தையல் மிஷினுக்கென்று விற்கும் நிறமற்ற, நீர்த்த எண்ணெய் தவிர வேறெதையும் விடக் கூடாது.

ஏற்கெனவே இறுகிய மிஷினை இளக்க மண்ணெண்ணெய் சிறந்தது. கிடைக்காவிட்டால் மிஷின் எண்ணெயையே தாராளமாக விட்டு இரண்டொரு நாள் ஊற விடலாம். மண்ணெண்ணெயைக் கையாளும் நாளில் ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்து வையுங்கள். ஒரே அறையில் சமையலும் தையலும் நடக்கும் வீடுகளில் இதை இரண்டு முறை சொன்னாலும் தகும். தலையின் மேற்புறத்தில் உள்ள சிறு துளைகள் ஒவ்வொன்றிலும், முகத்தகட்டைத் திறந்து ஊசிக்கம்பியிலும், தலையைச் சாய்த்து அடிப்புறத்தில் ஒன்றோடொன்று உராயும் எல்லா மூட்டுகளிலும் சில சொட்டு விட்டு, கைச்சக்கரத்தை உங்களை நோக்கி நிதானமாகச் சுற்றுங்கள். கறுத்த கஷாயம்போல் அழுக்கு வழியத் தொடங்கும். வழிவதைத் துடைத்து, மீண்டும் விட்டு, சுற்றி, துடைத்து, தெளிவாக வரும் வரை இதைத் தொடர வேண்டும். மண்ணெண்ணெய்க்கு மசகுத் தன்மை கிடையாது. அது காய்ந்தபின் இரும்பு வெறுமையாகிவிடும். ஆகவே அன்றே மிஷின் எண்ணெய் விடுவது கட்டாயம். கடைசியாகப் பழந்துணி ஒன்றைத் தைத்து, ஊசி வழியே இறங்கும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும்படி செய்தபின்னரே நல்ல துணியைத் தொடலாம்.

கைச்சக்கரத்தின் நடுவிலுள்ள பெரிய திருகைச் சுத்தத்திற்காகக் கழற்றியவர்கள், மறுபடி மாட்டியதும் சக்கரம் சுற்றினாலும் ஊசி அசையாமல் நிற்பதைக் கண்டு கலங்குவதுண்டு. உள்ளே காதுகள் நீட்டிய ஒரு வளையம் இருக்கிறது. அதை அரைச்சுற்றுத் திருப்பி மாட்டினால் பிடிமானம் வந்துவிடும்.

ஊசியும் நூலும்

தையல் தவறுகிறது, நூல் அறுகிறது, துணி சுருங்குகிறது என்னும் முறையீடுகளில் பெரும்பகுதி புது ஊசி ஒன்றினால் தீரும். பழைய ஊசியின் தட்டையான பக்கத்தைக் கண்ணாடியின் மேல் வைத்து, ஊசிக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி நுனி வரை ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். நுனி சாய்ந்திருந்தால் அது வளைந்த ஊசி. மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18 என்பது பொதுக் கணக்கு.

ஊசியை மாட்டுவதில் ஒரே விதி: தட்டைப் பக்கம் ஷட்டில் இருக்கும் திசையை நோக்க வேண்டும், நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்தே நூல் காதுக்குள் நுழைய வேண்டும். மிஷினுக்கு மிஷின் திசை மாறினாலும் இந்த விதி மாறாது. ஊசியை மேலே தடுக்கும் மட்டும் ஏற்றி இறுக்குங்கள்; ஒரு நூலிழை தாழ்ந்தாலும் ஷட்டிலின் முனை நூல் வளையத்தைத் தவறவிடும்.

மேல்நூலைப் பாதம் உயர்ந்திருக்கும்போதே கோக்க வேண்டும். அப்போதுதான் நூல் டென்ஷன் தட்டுகளின் நடுவே சரியாக இறங்கும். பாபின் கேஸைச் செருகும்போது 'டிக்' என்ற ஒலி கேட்க வேண்டும்; அந்த ஒலி கேட்காமல் தைக்கத் தொடங்கினால் ஊசி முறிவது நிச்சயம். பின்பு மேல்நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அடிநூலை மேலே வரவழைத்து, இரண்டு நூல்களையும் பாதத்தின் கீழாகப் பின்பக்கம் தள்ளி, முதல் இரண்டு மூன்று தையல்கள் விழும் வரை பிடித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நூல் கூடு கட்டுவது இதனால் நிற்கும்.

டென்ஷன் பார்த்தல்

மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் இட்டு, மடித்த மல் துணியில் ஒரு சாண் தைத்துப் பாருங்கள். இரண்டு நூல்களும் துணியின் நடுவே முடிச்சிட்டு, மேலே சிவப்பு மட்டும், கீழே வெள்ளை மட்டும் தெரிந்தால் சமநிலை. மேற்பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம். அடிப்பரப்பில் சிவப்பு நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், அனுபவமில்லாதவர் பாபினைக் குறை சொல்வார், குற்றம் மேல்நூலினுடையது. அது தட்டுகளுக்குள் இறங்காமலோ, மேலும் கீழும் ஆடும் நெம்புகோலின் துளையில் கோக்கப்படாமலோ இருக்கும். முதலில் மறுபடி கோத்துப் பாருங்கள். அப்போதும் சரிப்படாவிட்டால் மட்டும் டென்ஷன் திருகைத் தொடுங்கள்.

பாபின் கேஸின் சிறு திருகு எல்லாவற்றிலும் கடைசி. நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு, கையை இலேசாக வெட்டினால், அது சிறிது இறங்கி நின்றுவிட வேண்டும். சரசரவென்று தரைக்கு இறங்கினால் தளர்ச்சி. வெட்டியும் அசையாவிட்டால் இறுக்கம். அதன் வில்தகட்டின் அடியில் நூல்பிசிர் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து நீக்கியபின், தேவைப்பட்டால் அரைக்கால் சுற்றுக்கு மேற்படாமல் திருப்புங்கள்.

ஷட்டிலும் ஊசியும் சந்திக்கும் நேரம் பிசகியிருப்பது, ஊசிக்கம்பி தேய்ந்து ஆடுவது, மோட்டாரில் மின்கசிவு ஆகிய மூன்றையும் மிஸ்திரியிடமே விடுங்கள்.

மிதியும் பெல்ட்டும்

மிதிமிஷினில் சக்கரத்தின் மேற்புறம் எப்போதும் தைப்பவரை நோக்கியே வர வேண்டும்; எதிர்ப்புறம் சுற்றினால் அக்கணமே நூல் சிக்கும். புதிதாகப் பழகுபவர்கள் கைச்சக்கரத்தின் நடுத்திருகைத் தளர்த்தி, ஊசியை இயங்கவிடாமல், வலக்கையால் சக்கரத்தைத் தொடக்கிவிட்டுக் கால்களால் தாளம் தவறாமல் மிதித்துப் பழக வேண்டும். தோல் பெல்ட் நாட்பட்டால் நீளும். நழுவத் தொடங்கியதும் கால் அங்குலம் வெட்டி, புதுத் துளையிட்டு, கம்பிக் கொக்கியால் மீண்டும் இணைக்கலாம். அளவுக்கு மீறி இறுக்கினால் மிஷின் கனக்கும். அப்படிக் கனக்கும் மிஷின்களில், கீழே பெரிய சக்கரத்தின் அச்சையும் குனிந்து பாருங்கள். தரையில் உதிர்ந்த தலைமயிரும் நூலும் அச்சைச் சுற்றிக் கயிறாய் முறுக்கேறியிருக்கும்.

மழையும் வெள்ளமும்

ஜூன் முதல் செப்டம்பர் முடிய இந்நகரின் காற்றில் நிறைந்திருக்கும் ஈரம், இரும்புக்கு இயற்கைப் பகை. அதிலும் சுனாபட்டி, குர்லா, சயான் பகுதிகளின் தாழ்ந்த இடங்களில், பெருமழை பெய்தால் ரயில் தண்டவாளமே நீரில் மூழ்குவது ஆண்டுதோறும் காணும் காட்சி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தரைத்தள வீடுகளில் நீர் புகும் பேட்டைகளில் வாழ்பவர் தம் மிஷினைப் பற்றியும் முன்னேற்பாடு செய்துகொள்வது அவசியம். எச்சரிக்கை வந்ததும் தலையை மட்டும் கழற்றிப் பரண் மேல் ஏற்றிவிட்டால் போதும். இரும்பு ஸ்டாண்ட் நீரில் நின்றாலும் பிழைத்துக்கொள்ளும்.

தலையே மூழ்கிவிட்டால், அதைக் 'காயட்டும்' என்று விட்டுவைப்பதே பெருந்தீங்கு. வெள்ளநீரின் சேறும் சாக்கடை உப்பும் அகல, நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, மின்விசிறியின் கீழே நீரை உலர்த்தி, அன்றே மண்ணெண்ணெயும் தொடர்ந்து மிஷின் எண்ணெயும் விட்டுச் சுற்ற வேண்டும். மோட்டாரைத் தனியே கழற்றி, மின்தொழிலாளி சோதித்துச் சொல்லும் வரை பிளக்கைச் செருகவே கூடாது. மரமேஜை நிழலில் மெல்ல உலர வேண்டும். வெயிலில் வைத்தால் ஒட்டுப்பலகை பிரிந்துவிடும்.

செப்பனிட்ட மிஷினில் என்ன தைக்கலாம்?

பழுது பார்த்த மிஷினின் மேல் நம்பிக்கை வருவதற்கும், தைப்பவரின் கை பழகுவதற்கும், நேர்கோட்டுத் தையலால் முடியும் காரியங்களையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். துணிக்குத் தாதர் ஹிந்துமாதாவும் மங்கள்தாஸ் மார்க்கெட்டும், லேசுக்கும் பொத்தானுக்கும் புலேஷ்வரும் இருக்கின்றன. எனினும் ஆரம்பப் பயிற்சிக்கு வீட்டிலுள்ள பழம்புடவையும் கால்சட்டையுமே உத்தமமான சரக்கு.

*தலையணை உறை.* 17 அங்குல அகலமும் 27 அங்குல நீளமும் உள்ள தலையணைக்கு, பழைய பருத்திப் புடவையிலிருந்து 18¼ அங்குல அகலமும் 62 அங்குல நீளமும் உள்ள ஒரு துண்டு வெட்டுங்கள். நீளத்தில் 54 அங்குலம் இரு முகப்புகளுக்கு, 6 அங்குலம் உள்மடிப்புக்கு, மீதி 2 அங்குலம் இரண்டு ஓரங்களையும் மடித்தடிப்பதற்கு. ஓரங்களை அடித்தபின், உறை இறுதியில் எவ்வாறு தோன்ற வேண்டுமோ அவ்வாறே, நல்ல பக்கம் வெளியே தெரிய, 6 அங்குல மடிப்பை உள்ளே தள்ளி மடியுங்கள். இரு பக்கங்களிலும் கால் அங்குலம் விட்டு ஒரு தையல் போட்டு, பிசிரை நறுக்கி, உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, ⅜ அங்குலம் விட்டு இரண்டாம் தையல் போடுங்கள். பழைய மிஷினில் ஓரம் பின்னும் வசதி இல்லை என்னும் குறை இந்த இரட்டைத் தையலால் நீங்கிவிடும். பிசிர் உள்ளேயே சிறைப்பட்டு, எத்தனை சலவைக்கும் ஈடுகொடுக்கும்.

*கடைப்பை.* மகாராஷ்டிர அரசு 2018-இல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தபின், துணிப்பை எல்லா வீட்டுக்கும் அன்றாடத் தேவையாயிற்று. தடித்த திரைச்சீலையிலோ பழைய கால்சட்டையிலோ 16 அங்குல அகலமும் 35 அங்குல நீளமும் வெட்டி, இரு முனைகளிலும் ஒன்றரை அங்குலம் மடித்தடித்து, இரண்டாக மடித்துப் பக்கங்களை அரை அங்குலம் விட்டுத் தைத்தால், 15-க்கு 16 அங்குலப் பை கிடைக்கும். கைப்பிடிக்கு 22 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள இரண்டு பட்டைகளை நான்காக மடித்துத் தையுங்கள். பிடியைப் பையோடு சேர்க்குமிடத்தில் சதுரமாக ஒரு தையலும், அதன் குறுக்கே பெருக்கல் குறி போல் இன்னொன்றும் போட்டால், அரிசியும் தேங்காயும் சுமந்து மாட்டுங்காவிலிருந்து நெரிசலான ரயிலில் வந்தாலும் அறாது. இதற்கு 16-ஆம் நம்பர் ஊசி வேண்டும்; மடிப்புகள் தடிக்குமிடத்தில் மிதிக்காமல், கையாலேயே சக்கரத்தைச் சுற்றிக் கடந்துவிடுங்கள்.

*புடவைக்கு ஃபால்ஸ்.* வெளியில் கொடுத்து வாங்குவதைவிட வீட்டில் செய்வது சுலபம். ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஃபால்ஸை முதல் நாளே தண்ணீரில் நனைத்துக் கஞ்சி போக்கி உலர்த்தித் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் அது மட்டும் சுருங்கிப் புடவையின் கீழ்க்கரை கோணிவிடும். செருகும் தலைப்பில் ஒரு சாண் விட்டு, கீழ்க்கரையை ஒட்டி மிஷினிலும், மேல் விளிம்பைக் கையால் மிகச் சிறிய தையலிலும் பிடியுங்கள். இரண்டையும் மிஷினில் அடித்தால் கோடு வெளியே தெரியும்.

*ரவிக்கையைப் பிரித்து விடுதல்.* கைதேர்ந்த தையற்காரர் ரவிக்கையின் பக்கங்களில் துணி விட்டு, இரண்டு மூன்று தையல் ஓட்டி வைத்திருப்பார். உள்தையலை அப்படியே விட்டுவிட்டு அதற்கு வெளியே ஒரு புதுத் தையலை முதலில் ஓட்டி, பின்பே உள்தையலைப் பிரிக்க வேண்டும். வரிசை மாறினால் இரு பக்கமும் அளவு கலைந்துவிடும்.

*கோதடி.* பழம்புடவைகளை அடுக்கிக் கைத்தையலால் பிணைக்கும் கோதடி, மராத்திய அண்டை வீட்டாரிடம் நம்மவர் கற்றுக்கொள்ளத் தக்க கலை. அதன் ஓரப்பட்டையையும் மேலடுக்கின் ஒட்டுத் துண்டுகளையும் மிஷினில் இணைக்கலாம்; எல்லா அடுக்குகளையும் ஊடுருவும் நடுத்தையலைக் கைக்கே விட்டுவிட வேண்டும். நான்கைந்து அடுக்குகளை வீட்டு மிஷினில் திணித்தால் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று நழுவிச் சுருக்கம் விழும். அவ்வாறே தோலும் வீட்டு மிஷினுக்கு ஏற்றதன்று. தாராவியின் தோற்பட்டறைகள் அதற்கென்றே கனத்த மிஷின்களை வைத்திருக்கின்றன.

வாசகருக்கு ஒரு சொல்

சுனாபட்டியை அடுத்த குர்லாவில் ஜாம்ஷெட்ஜி டாடா 1886-இல் வாங்கிச் சுதேசி மில் என்று பெயரிட்டு நடத்திய ஆலை முதலாகப் பல ஆலைகள் இந்நகரத்துக்கு வேலையும் துணியும் அளித்தன. 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்திற்குப் பின் பெரும்பாலான ஆலைகள் மங்கின. சம்பளம் நின்ற குடும்பங்களில் ரவிக்கைத் தையலாலும் பாவாடைத் தையலாலும் அடுப்பெரிய உதவிய சாதனங்களுள் ஒன்று இந்த மிஷின். அதை அலங்காரப் பொருளாக்குவதோ, பழைய இரும்பு விலைக்குப் போடுவதோ உசிதமன்று. ஆண்டுதோறும் மே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கி, மழை இறங்குமுன் ஊசித் தகட்டைத் திறந்து தூசி எடுத்து, எண்ணெய் விட்டு, ஊசியை மாற்றி, அந்தத் தேதியை மேஜை இழுப்பறையின் உட்புறத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். அந்த வேலையில் வீட்டுப் பெண்ணை மட்டுமன்றிப் பையனையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். பாபினில் நூல் சுற்றத் தெரிந்த குழந்தை, பொத்தான் அறுந்த சட்டைக்காக எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.